மாயாவியின் கையை வரைந்தவர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அல்லிக்குளம்:
அக்டோபர் 21, 2025. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியுமே, அந்த இரும்புக்கை மாயாவி காமிக்ஸை வரைந்த பிளாஸ்கோ போய் இன்றோடு முப்பது வருஷம். 1919-இல் பார்சிலோனாவில் பிறந்த மனிதருக்குச் சென்னையில் யார் நினைவுநாள் கொண்டாடுவார்கள்? நாம்தான். ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். நாற்பது வருஷமாக உறுத்திக்கொண்டிருக்கும் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984, மழைக்காலம், மூர் மார்க்கெட். எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா இசைத்தட்டு தேடி உள்ளே போய்விட்டார். நான் ஒரு பழைய புத்தகக் கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை. பெயர் வேலியண்ட். நடுவில் பிரித்தால் நம்ம ஆள் மாயாவி! இங்கிலீஷ் எனக்கு அப்போது எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் படிக்கத் தேவையே இல்லை. முத்து காமிக்ஸில் மை அப்பிப் பார்த்த அதே விரல்கள், இதில் கோடு கோடாகத் தனித்தனியே தெரிந்தன. மூட்டுக்கு மூட்டு ஒளி விழுந்த இடம் தாள் வெள்ளையாகவே விடப்பட்டிருந்தது.

இதை வரைந்தவர் யார் என்று முதல் பக்கம், கடைசிப் பக்கம், ஓரம் எல்லாம் தேடினேன். பெயரே இல்லை. அந்தக் கால பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகள் ஓவியர் பெயரைப் போடுவதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்னா தேடுற?" என்றார்.

"வரைஞ்சவர் பேரு."

"பேர வச்சி என்னா பண்ணப்போற? மூணு ரூபா. எடுக்கிறியா, வைக்கிறியா?"

பையில் ஒரு ரூபாய் நாற்பது காசு. மாமாவிடம் கேட்க வெட்கம். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று குவியலின் அடியாழத்தில் செருகிவிட்டு வந்தேன். அடுத்த மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. ஊரே கட்டடத்துக்காக உச்சுக்கொட்டியது. நான் அந்தக் குவியலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐசிஎஃப் காலனி:
எங்கள் வீட்டில் ஓவியர் யார் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை அண்ணே. நமக்கு மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ, முத்து காமிக்ஸின் மும்மூர்த்திகள், அவ்வளவுதான்.

என் தம்பி ரெண்டாங் கிளாஸ். அப்பாவின் சிகரெட் பெட்டிகளில் இருந்த ஈயத்தாளைச் சேர்த்து வலது கையில் முழங்கை வரைக்கும் சுற்றிக்கொண்டான். பிளக்கில் விரல் விடுகிறேன் என்று நின்றவனைத் தடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. "கரண்ட் வேணாம்டா, டார்ச் பேட்டரியே போதும்" என்று இரண்டு பேட்டரியை ஈயத்தாளில் தேய்த்துவிட்டு, "ஐயோ, எங்கடா போயிட்ட?" என்று கத்தினேன். அக்காவும் சேர்ந்துகொண்டாள். பாட்டி கூட, "புள்ளய காணமே" என்று அவனைத் தாண்டி நடந்து போனாள். அரை நாள் எங்கள் வீட்டில் அவன் இல்லை.

சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. தம்பி நேராகப் போய், அவர் கண்ணெதிரிலேயே சட்டைப்பையில் கையை விட்டு நாலணாவை எடுத்தான். அறை விழுந்த சத்தம் பக்கத்து குவார்ட்டர்ஸ் வரை கேட்டது. அவன் அழவில்லை. கையிலிருந்த ஈயத்தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்பாவுக்கு மட்டும் எப்படிடா தெரியுது?" என்றான்.

அந்த முகம் இன்னும் போகமாட்டேன் என்கிறது. இப்போது கேட்டால் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்கிறான்.

மைக்கூடு:
நினைவஞ்சலி நல்ல விஷயம்தான். ஆனால் நீங்கள் பார்த்த மாயாவி எல்லாம் பிளாஸ்கோ மாயாவி அல்ல என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். வேலியண்ட் வாரத்தொடர் அவர் கை. பிரிட்டனில் சிறிய சைஸில் தனிப் புத்தக வரிசையாக வந்த கதைகள் வேறு ஆட்கள் வரைந்தவை. இரண்டும் தமிழுக்கு வந்தன. சந்தேகமிருந்தால் பின்னணியைப் பாருங்கள். பிளாஸ்கோவின் அறை என்றால் மூலையில் இருட்டு இருக்கும், மேசைமேல் பொருள் இருக்கும். மற்றவர்களின் அறை காலி பண்ணிய வாடகை வீடு மாதிரி இருக்கும். அல்லிக்குளம் பார்த்தது வேலியண்ட் என்றால் அது பிளாஸ்கோதான். ஐசிஎஃப் தம்பி பார்த்தது யாருடையதோ.

இன்னொன்று. பார்சிலோனாக்காரருக்கு முப்பதாம் வருஷம் கொண்டாடுகிறோம். வடபழனியில் உட்கார்ந்து அம்புலிமாமாவுக்கு விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வரைந்த நம்ம ஓவியர் சங்கர் 2020 செப்டம்பரில் போனார். மறு வருஷம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், வாங்க அவர் இல்லை. அவருக்கு இங்கே எத்தனை பேர் எழுதினீர்கள்? உருவிய வாளோடு, தோளில் பிணத்தோடு, சுடுகாட்டில் நடக்கும் அந்த ராஜாவை இந்தியாவில் தெரியாத ஆள் உண்டா?

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளியில் மாயாவி படித்து மாட்டினேன். வாத்தியார் பிடுங்கிக்கொண்டார். ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் படித்துக்கொண்டிருந்தார். திருப்பித் தரவே இல்லை.

ராயபுரத்தான்:
மைக்கூடு சார், வருஷா வருஷம் வந்து இதையே சொல்கிறீர்கள். சங்கர் மகா ஓவியர், யார் மறுத்தது? ஆனால் அம்புலிமாமா கதைக்குப் படம். காமிக்ஸ் படமே கதை. அவருக்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், முதல் ஆளாக நான் வருகிறேன்.

'மாயாவிக்கும் கை மட்டும்தான் தெரிந்தது, பிளாஸ்கோவுக்கும் கை மட்டும்தான் தெரிந்தது' என்று யாராவது எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் கண்டுபிடித்து எழுதுகிறார்.

மைக்கூடு:
படமே கதை என்றால் பலூனில் எதற்கு அத்தனை வசனம்?

ராயபுரத்தான்:
அதை எழுதியவரிடம் கேளுங்கள்.

பேனர்க்காரர் மகள்:
சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இங்கே எழுதுவது முதல் தடவை.

அப்பா சினிமா பேனர் வரைந்தவர். மவுண்ட் ரோட்டில் நின்ற கட்-அவுட்களில் சிலவற்றுக்கு முகம் அவர் போட்டதுதான். பட்டறையில் பிரஷ் ஊறும் டப்பாவுக்குப் பின்னால் அட்டை போன மாயாவி புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். பக்கமெல்லாம் பென்சில் கட்டம். புது வேலைக்கு நிழல் எங்கே விழ வேண்டும் என்று குழப்பம் வந்தால் அதை எடுத்துப் புரட்டுவார். வரைந்தவர் பெயர் அவருக்குத் தெரியாது. 'கறுப்பு வாத்தியார்' என்பார். "எல்லாரும் கோட்ட போட்டுட்டு அப்புறம் கறுப்ப ரொப்புவான். இந்த ஆளு கறுப்ப மொதல்ல வச்சிட்டாரு பாரு" என்பார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் வேலை செய்தது அப்படித்தான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு கட்டத்தில் மாயாவி மறைந்திருக்கிறான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில். எதிரே இரண்டு போலீஸ்காரர்கள். அப்பா தன் கட்டைவிரலால் அந்தக் கையை மூடினார். விரல் இடுக்கில் நீலச் சாயம் காய்ந்திருந்தது.

"இப்ப சொல்லு. ஆள் எங்க நிக்கிறான்?"

காட்டினேன். விரலை எடுத்தார். சரியாக அங்கேதான். போலீஸ்காரன் கண் போன திசை, இன்னொருவன் பின்வாங்கி வைத்த கால், சாய்ந்த விளக்கு. இல்லாத ஆளை அந்த மூன்றும் சேர்ந்து நிற்கவைத்திருந்தன. அப்பா விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தி வெறும் காகிதத்தைத் தடவி, "தோள் இங்க. முழங்கை இங்க. வரையல, ஆனா போட்டு வச்சிருக்காரு" என்றார்.

பிளக்ஸ் வந்தபிறகு பட்டறை போய்விட்டது. நான் இப்போது அனிமேஷனில் இருக்கிறேன். கறுப்பு வாத்தியார் பெயர் பிளாஸ்கோ, உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள், ஒரு குடும்பமே பட்டறை மாதிரி வேலை செய்தது என்றெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அப்பா இல்லை. அந்தக் குடும்பப் பட்டறை விஷயத்தை மட்டுமாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். ரொம்ப ரசித்திருப்பார்.

அல்லிக்குளம்:
அம்மா, நன்றி. மற்றதைத் தனியாக எழுதுகிறேன்.

முடிச்சூர்:
பார்சிலோனா எல்லாம் எனக்குத் தெரியாது. என் கதை 2015 டிசம்பர். ராத்திரி தண்ணீர் வாசல்படி ஏறியபோது ரேஷன் கார்டு, பத்திரம், அம்மாவின் மாத்திரை இவற்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். காமிக்ஸ் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில். இரும்புப் பெட்டிதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன் பாருங்கள்.

மூன்றாம் நாள் இறங்கித் திறந்தால் செங்கல் மாதிரி ஒரே கட்டி. மேலே சேறு. மை கரையவில்லை, அது ஆச்சரியம். ஆனால் பக்கம் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. 'பாதாள நகரம்' என்ற மாயாவி புத்தகத்தை எடுத்து மெதுவாகப் பிரித்தேன். ஒரு பக்கத்தின் படம் தாளோடு உரிந்து எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி பிம்பம் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே கட்டத்தில் இரண்டு கை. கடைசி இரண்டு தாள் கூழ். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்தேன். குப்பை வண்டி வருவதற்குள் திரும்பிப் போய் இரண்டு தடவை பார்த்தேன்.

நூலகர் (ஓய்வு):
முடிச்சூர் தம்பி செய்தது பெரிய தவறு. நான் மாயாவி படித்ததில்லை, பேரன் சொல்லி இங்கே வந்தேன். ஆனால் முப்பத்தோரு வருஷம் புத்தகத்தோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நனைந்த புத்தகத்தை ஒருபோதும் உடனே பிரிக்கக் கூடாது. ஈரத்தில் தாளுக்குப் பலமே கிடையாது. அப்படியே பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். உறைந்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது, அப்புறம் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். காயவைப்பது நிழலில், ஃபேன் காற்றில். வெயில் கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும்.

பழைய காமிக்ஸ் அடித்தது நியூஸ்பிரிண்டில். மரக்கூழில் உள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும், அமிலம் ஊறித் தாள் அப்பளமாக நொறுங்கும். இதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்து மஞ்சள் கறை நிற்கும். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்தால் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். லேமினேஷன் செய்வது புத்தகத்தைக் கொல்வதற்குச் சமம். சுவரோடு ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், சென்னைச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும். வேப்பிலை வைக்கிறேன் என்று ஈர இலையை உள்ளே வைக்காதீர்கள். வசம்பு பரவாயில்லை.

முடிச்சூர்:
ஐயா, அஞ்சு நாள் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் ஹாலில் மிதந்துகொண்டிருந்தது.

ஐசிஎஃப் காலனி:
😂😂

நூலகர் (ஓய்வு):
சரி, அடுத்த முறைக்காவது.

மைக்கூடு:
அடுத்த முறையா!

ராயபுரத்தான்:
மைக்கூடு சாரும் நானும் ஒத்துப்போகும் முதல் விஷயம் இது. பிளாஸ்கோ கடைசிக் காலத்தில் டெக்ஸ் என்ற கௌபாய் கதையும் வரைந்தார் என்பதையும் யாரும் சொல்லவில்லையே. எழுபது வயதை ஒட்டி மனிதர் குதிரை வரைந்துகொண்டிருந்தார். அதில் பாறையைப் பாருங்கள், மாயாவி ஒளிந்த அதே இருட்டு.

முடிச்சூர்:
இருக்கட்டும். என்னிடம் இருப்பதற்குக் கடைசி இரண்டு தாள் வேண்டும். மறுபதிப்பு வேண்டாம், பழைய பதிப்பு. ஜெராக்ஸ் ஆனாலும் பரவாயில்லை. யாரிடமாவது இருக்கிறதா?

அல்லிக்குளம்:
என்னிடம் இருக்கிறது. அட்டை கிடையாது, நடுவில் யாரோ ஒரு பையன் மீசை வரைந்திருக்கிறான். கடைசிப் பக்கங்கள் சுத்தம். ஞாயிறு காலை பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்துக்கு வருவேன், எட்டரைக்கு. உங்கள் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள், அந்த இரண்டு கை இருக்கும் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பேனர்க்காரர் மகள்:
நானும் வரலாமா?