மேற்குச் சுவர் மட்டும் ஏன் இப்படி வெளுக்குது?

மேற்குவாசல்:
வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு. வெளியே மெரூன் எமல்ஷன் அடித்து இரண்டு வருஷம்தான். கிழக்குப் பக்கம் அப்படியே இருக்கு. மேற்குச் சுவர் (சுமார் 600 சதுர அடி) வெளுத்துப்போய், தடவினால் கையில் மாவு மாதிரி ஒட்டுது. கைப்பிடிச் சுவரிலிருந்து கறுப்புக் கோடுகள். அடியில் இரண்டடிக்கு உப்பு பூத்திருக்கு. மேலேயே அதே கலர் அடிக்கலாமா?

சாந்துக்கரண்டி:
மேலேயே அடித்தால் புதுக் கோட்டும் சேர்ந்து உரியும். மதிய வெயில் பெயிண்டின் பிசினை அரித்துவிட, நிறப்பொடி பிடிப்பில்லாமல் நிற்குது, அதுதான் மாவு. எந்தக் கலரிலும் வரும், அடர் கலரில் பளிச்சென்று தெரியும். போதாததற்கு மெரூனுக்குச் சேர்க்கும் சில சிவப்புகள் வெயிலில் சாயம் போகும். காவி, செங்கல், மண் மஞ்சள் எல்லாம் இரும்பு ஆக்சைடு, நிற்கும். கலர் கலக்கும் கடையில் "ஆக்சைடில் வருமா?" என்று கேளுங்க.

கழுவித் தேய்த்து, காய்ந்ததும் செலோ டேப் ஒட்டி இழுத்துப் பாருங்க. பொடி வந்தால் இன்னொரு முறை தேய்க்கணும். அப்புறம் பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு கோட். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 50-60 சதுர அடி வைத்தால் 10-12 லிட்டர். பெயிண்டர் 8 லிட்டரில் முடித்துத் தந்தால் தண்ணி ஏறியிருக்குன்னு அர்த்தம்.

தளமட்டம்:
கறுப்புக் கோட்டுக்குப் பெயிண்ட் பொறுப்பில்லைங்க. கைப்பிடிச் சுவர் தலை வெளிப்பக்கம் சரிந்திருக்கும். மழைத்தண்ணி தூசியோடு வழிந்து, அதில் பாசி பிடிக்குது. சரிவை மாடிப் பக்கம் திருப்புங்க. சன்ஷேட் அடியில், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே ஒரு பள்ளக்கோடு இருந்தால் தண்ணி சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிடும்.

உப்பை மட்டும் தண்ணி விட்டுக் கழுவாதீங்க, கரைந்து உள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்க. தரை ஈரம் ஏறுவது நிற்காமல் பூச்சு நிற்காது. அந்த இரண்டடியைக் கொத்தி, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசணும். பாலாற்றுப் பக்கம் பல போர்களில் உப்புத் தண்ணிதான். கலவைக்கும் நனைப்பதற்கும் நல்ல தண்ணி. பெயிண்ட் 28 நாள் கழித்து.

மேற்குவாசல்:
நன்றி. மே மாதம் ஆள் கிடைக்கிறாங்க, வைக்கலாமா?

சாந்துக்கரண்டி:
கத்திரியிலா! பிரஷ் இழுக்கும் முன்னே காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். அவசரம்னா மேற்கே காலையில் மட்டும். அதற்கு முன் சுவரில் இரண்டுக்கு இரண்டடி சாம்பிள் அடித்து, சாயங்காலம் நாலு மணிக்குத் தெருவில் நின்று பாருங்க. கார்டில் சாதுவாக இருந்த செங்கல் நிறம் அந்த வெயிலில் கண்ணைப் பறிக்கும்.