யூனிட் இரண்டு மடங்குகூட இல்லை, பில் மட்டும் மூன்று மடங்கு. எப்படி?

கனகபுரத்தாள்:
வணக்கம். மகளின் பள்ளிக்கூடத்துக்காகத் தர்மபுரத்தை விட்டுக் கிளிநொச்சி கனகபுரம் பக்கம் வாடகைக்கு வந்திருக்கிறோம். கொண்டுவந்தது அதே பழைய சாமான்தான்: சின்ன பிரிட்ஜ், ரீவி, இரண்டு ஃபேன், அயன் பெட்டி. அங்கே மாதம் 50 யூனிட் அளவில்தான் ஓடும். இங்கே முதல் முழு மாதத்து பில் 88 யூனிட். சரி, கொஞ்சம் கூடத்தான் என்று காசைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. குப்பிவிளக்கில் படித்து வளர்ந்த எனக்கு, பிள்ளைகளிடம் "லைற்றை நிப்பாட்டு" என்று நாள் முழுக்கக் கத்தவும் மனமில்லை. மீற்றர்தான் பிழையா?

வவுனியாத் தம்பி:
அக்கா, முதலில் பில்லில் இரண்டு விஷயம் பாருங்கள். பழைய ஆட்களின் நிலுவை சேர்ந்து வந்திருக்கிறதா? அடுத்தது, கட்டண வகை வீட்டுப் பாவனைதானா? முன் அறையில் முன்பு கடை, சலூன் ஏதும் நடந்த வீடென்றால் பொதுத் தேவை வகையிலேயே கிடக்கலாம். அதை மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

பரந்தன் வயரிங்:
மீற்றரைக் குறை சொல்ல முதல் 60 என்ற கோட்டைப் பாருங்கள், தங்கச்சி. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை, இரண்டும் மலிவு. 60ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலாவது யூனிட்டில் இருந்தே வேறு அட்டவணை. மாதாந்த நிலைக் கட்டணமும் ஏறிவிடும். உங்கள் 28 யூனிட் மற்ற 60ஐயும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்த 60 முப்பது நாளுக்கு. மீற்றர் பார்க்க வருகிறவர் பிந்தி வந்தால் அந்த நாட்களுக்கும் கணக்குப் பண்ணித்தான் போடுவார்கள், அதில் பயமில்லை.

இப்ப கேள்வி, அந்த மிச்சம் எங்கே போகிறது? மெயின் சுவிட்சை நிப்பாட்டாமல், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி மீற்றரின் சிவப்பு லைற்றைப் பாருங்கள். 1000 இம்பல்ஸ் என்று எழுதிய மீற்றரில், அதாவது ஒரு யூனிட்டுக்கு 1000 தரம் மின்னுகிறதில், 36 செக்கனுக்கு ஒருமுறை மின்னினால் 100 வாற்ஸ் எங்கேயோ ஓடுகிறது. மின்னவே இல்லையென்றால் கசிவு இல்லை. அப்புறம் கிணற்று மோட்டரைப் பாருங்கள். ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட்.

கனகபுரத்தாள்:
நிலுவை இல்லை, வகையும் வீடுதான். எல்லாம் நிறுத்தியபோது லைற் மின்னவில்லை. ஆனால் விடிய ஐந்தரைக்குப் பார்த்தேன், டக் டக்கென்று ஓயாமல் மின்னுகிறது! வீட்டுக்காரரின் தகப்பன், ஐயா, பின்வளவில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஓஸ் பிடித்து நிற்கிறார். மோட்டர் சுவிட்ச் எங்கள் குசினிக்குப் பின்சுவரில், லைன் எங்கள் மீற்றரில். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். எழுபது வயது மனிதர், வந்த அன்றே ஒரு பை கத்தரிக்காய் தந்தவர். எப்படிக் கேட்பது?

விசுவமடு அக்கா:
ஐயாவிடம் கேட்காதேங்கோ பிள்ளை, அவருக்கு பில்லைப் பற்றி ஒன்றும் தெரிந்திராது. மகனிடம் பேசுங்கள். "30 யூனிட்டுக் காசைத் தாங்கோ" என்றால் மலிவு விலையில் கணக்குப் பார்த்துச் சில்லறை தருவார். மோட்டர் இல்லாவிட்டால் வந்திருக்கும் பில்லுக்கும் வந்த பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். அதுதான் நியாயம். கத்தரிக்காயை அந்தக் கணக்கில் கழிக்கத் தேவையில்லை.

பரந்தன் வயரிங்:
அக்கா சொன்னது சரி. மோட்டர் இழுப்பதை மட்டும் தனியாகக் காட்ட ஒரு சப் மீற்றர் போட்டால் வாக்குவாதமே வராது. வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் சொந்த லைன் இருந்தால் மோட்டரை அதற்கே மாற்றிவிடலாம், அது இன்னும் நல்லது. வயரை நிலத்துக்குக் கீழே குழாய்க்குள் விடச் சொல்லுங்கள், வேலியில் தொங்கவிட வேண்டாம். கரண்ட் கசிந்தால் தானாக நிப்பாட்டும் ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அதன் ரெஸ்ற் பட்டனை ஒருக்கா அமத்திப் பாருங்கள்.

கனகபுரத்தாள்:
மகனிடம் பேசினோம். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை. அவர்களின் வீடு வேலிக்கு அங்கால்தான், லைனை அங்கே மாற்ற ஆள் பார்க்கிறாராம். அதுவரை வித்தியாசத்தை அவர் தருவார். ஐயாவுக்கு மட்டும் சொல்ல வேண்டாமாம்.