அப்பாவைப் பற்றிய கவிதை, முடிவு மட்டும் வரவில்லை

நண்பர்களே, ஒரு கவிதையில் நான்கு மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா இறந்த பிறகு எழுதத் தொடங்கியது, புதுக்கவிதைதான், மொத்தம் 14 வரி. அவருடைய மூக்குக்கண்ணாடி, இடது லென்ஸில் அப்படியே பதிந்திருக்கும் கட்டைவிரல் ரேகை, அதைத் துடைக்க மனம் வராமல் உறையை மூடி வைப்பது, இந்த 12 வரியும் சரியாக வந்துவிட்டன. அதற்குமேல் எதை எழுதினாலும் இரங்கல் செய்தி மாதிரி ஆகிவிடுகிறது.

கடைசி இரண்டு வரியை வெட்டிப் பார்த்தேன், பாதியில் எழுந்து போனது போல இருந்தது. சத்தமாக வாசித்துப் பதிவு செய்து கேட்டேன், 13ஆவது வரி வந்ததும் குரலே பொய்யாக ஒலிக்கிறது. ஒரு மாதம் தொடாமலும் வைத்தேன். அப்புறம் முழுவதையும் நேரிசை ஆசிரியப்பா என்ற மரபுப் பாவகைக்கு மாற்றினேன். அதில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, நான்கு சீரிலிருந்து மூன்று சீராகக் குறையும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறதே, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் ஏகாரத்தில் முடித்ததும் அப்பா அதில் இல்லை, அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. 'நினைவு', 'கண்ணீர்', 'வெறுமை' மூன்று சொல்லையும் எடுத்துவிட்டேன், அது நல்லதுதான்.

இறந்தவரை எண்ணி வருந்திப் பாடும் கையறுநிலைப் பாடல்களில் ஊறியவர்கள், இழப்பை எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: உறையை மூடும் இடத்திலேயே நிறுத்திவிடலாமா, இல்லை அதற்குப் பின் ஒரு வரி வேண்டுமா?