மண் போனது மழையாலா, உழவாலா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கேத்தி விவசாயி:
2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பதிவானது. மழை விட்டபின் எங்கள் கேரட் தோட்டத்துக்குப் போனபோது, கீழ்த் தோட்டத்துப் பெரியவர் தம் பாத்திகளின்மேல் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருந்த கறுத்த மண்ணைக் காட்டி, "இது உங்க மண்ணுதான் தம்பி, வேணும்னா அள்ளிக்கிட்டுப் போங்க" என்றார். அது கோபமா கேலியா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்கள் பாத்தியில் செம்மஞ்சள் அடிமண்தான் மிஞ்சியிருந்தது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் மட்கு முழுவதும் மேல்மண்ணோடு போய்விட்டதால், அடுத்த கோடையில் அதே ஓடைத் தண்ணீரைத் தெளித்தும் மறுநாளே இலை துவண்டது.

கரிசல்காட்டார்:
மழையின்மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. கிழங்கு அழுகாமல் தண்ணீர் வடியட்டும் என்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராகப் பார் (செடி நடும் மண்மேட்டு வரிசை) பிடிப்பது மலையில் வழக்கம்தானே? எங்கள் கோவில்பட்டிப் பக்கம் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதற்குமே அவ்வளவு மழை கிடையாது. ஆனாலும் மண் போகிறது. டிராக்டர்காரர் வண்டியைத் திருப்பும் சிரமத்துக்கு அஞ்சிச் சரிவின் போக்கிலேயே உழுதுவிட்டுப் போனார். ஐப்பசியின் முதல் பெருமழையில் ஒவ்வொரு சாலும் ஓடையாகி, நாங்கள் விதைத்த உளுந்து கண்மாய்க்குள் முளைத்துக் கிடந்தது. ஊரார் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தருமபுரி மானாவாரி:
எங்கள் பங்காளி ஒருவர் பழைய கல்வரப்பைப் பிரித்து வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார். அடுத்த மழையிலேயே அவர் நிலத்தின் நடுவே ஆள் இறங்கும் பள்ளம் விழுந்தது. என் கதை அவ்வளவுதான்.

கரிசல்காட்டார் சொல்வது சமவெளிக்குச் சரி. மலையில் குறுக்கே பார் பிடித்துத் தண்ணீரைத் தேக்கினால் கிழங்கு அழுகத்தான் செய்யும். ஆகவே பாரைச் சரிவுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் தண்ணீர் மெல்ல வடியும்படி சிறிதளவு சரிவுடன் அமைத்து, புல் வளர்ந்த வடிகாலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வரப்பு ஓரங்களில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டால், தண்ணீர் வேகம் தணிந்து மண்ணை அங்கேயே விட்டுச் செல்லும். அறுவடை முடிந்த நிலத்தை வெறுமையாகப் போடாமல் கொள்ளாவது விதையுங்கள். மழைத்துளி நேராக மண்ணில் அறைவதுதான் அரிப்பின் தொடக்கம். ஒரு போகக் குத்தகைக்கு எடுத்தவர் வரப்புக்குச் செலவு செய்யமாட்டார் என்பது தெரிந்ததே. எனவே கேத்தி நண்பர் குத்தகைச் சீட்டு எழுதும்போதே நிலத்துக்காரரின் பங்கையும் அதில் குறித்து வாங்குவது நல்லது.

கேத்தி விவசாயி:
குத்தகை என்று நான் எங்கே எழுதினேன்? அது எங்கள் பட்டா நிலம்.