காலிபரேஷன் என்பதற்கு ‘அளவுத்திருத்தம்’ பொருந்துமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரநெறிக்காக நாம் தொகுத்துவரும் கலைச்சொற் பட்டியலில் காலிபரேஷனுக்கு ‘அளவுத்திருத்தம்’ என்று இட்டிருப்பதைக் கண்டேன். இச்சொல் இணையத்தில் பரவலாகப் புழங்குவது உண்மையே. ஆயினும் இதை ஏற்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். காலிபரேஷன் என்பது ஓர் அளவுக்கருவி காட்டுவதை நம்பத்தக்க மேற்கோளோடு ஒப்பிட்டு அதன் பிழையை அறிவது; அதில் எதுவும் திருத்தப்படுவதில்லை.

ஒரு வெப்பமானியை எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தார் அதையும், பிழை முன்பே அறியப்பட்ட மேற்கோள் வெப்பமானியையும் சீரான சூட்டில் நிறுத்திய நீர்த்தொட்டியில் அருகருகே அமிழ்த்தி, இரண்டும் காட்டுவதைக் குறித்துக்கொள்கிறார்கள். மேற்கோள் 72.0 பாகை காட்டும்போது நம்முடையது 72.8 காட்டினால், பிழை +0.8, நிச்சயமின்மை (அந்த மதிப்பு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது) ±0.2 என்று சான்றிதழில் எழுதித் தருகிறார்கள். அத்துடன் அவர்கள் வேலை முடிந்தது. திருகைத் திருப்பியோ பொத்தானை அழுத்தியோ அந்த 0.8 பாகையை நீக்குவது வேறு வேலை. பன்னாட்டு அளவையியல் (மெட்ராலஜி) சொற்கோவையின் மூன்றாம் பதிப்பும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது என்று வரையறையின் குறிப்பிலேயே சொல்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முன்பு நான் பணியாற்றிய பால் பதப்படுத்தும் நிலையமொன்றிலிருந்து வெப்பமானியை அனுப்பியபோது, உடன்வைத்த கடிதத்தில் ‘அளவுத்திருத்தம் செய்து தருக’ என்றே எழுதியிருந்தோம். ஆய்வகத்தாரும் சொன்னபடியே திருத்தி, பிழை சுழியம் என்ற சான்றிதழோடு திருப்பி அனுப்பினார்கள். திருத்துவதற்கு முன் அது என்ன காட்டியது என்பதை யாரும் குறித்துவைக்கவில்லை. பாலை 72 பாகையில் 15 நொடி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கருவி கூட்டிக் காட்டியிருந்தால் முந்தைய ஓராண்டுப் பால் முழுவதும் குறைந்த சூட்டில் பதப்பட்டிருக்கும். அப்படி நேர்ந்ததா இல்லையா என்பதை அறியும் ஒரே வழி அந்தத் திருத்தத்தோடு அழிந்துபோயிற்று.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘அளவொப்பீடு’. மேற்கோளோடு ஒப்பிட்டு அறிவது என்ற செயலின் உயிர்நிலை இதில் இருக்கிறது. அளவொப்பிடு, அளவொப்பிட்ட கருவி, அளவொப்பீட்டுச் சான்றிதழ், அளவொப்பீட்டுக் கூடம் என்று இடறாமல் வளர்கிறது. திருத்தும் வேலைக்குச் ‘செப்பஞ்செய்தல்’ என்பதை ஒதுக்கிவிடலாம். கடைத் தராசு விதித்த வரம்புக்குள் நிற்கிறதா என்று பார்த்து முத்திரையிடுகிறார்களே, அது ‘சரிபார்ப்பு’. செப்பஞ்செய்த பின் மீண்டும் அளவொப்பிட வேண்டும் என்ற நடைமுறையை இச்சொற்களைக் கொண்டு ஒரே வரியில் சொல்லிவிடலாம். காலிபரேஷனைத் திருத்தம் என்றால் ‘திருத்திய பின் மீண்டும் திருத்துக’ என்றல்லவா எழுத நேரும்?

ஆய்வகங்கள் பல ஒரே மாதிரிப்பொருளை அளந்து முடிவுகளை ஒத்துப்பார்ப்பதும் ஒப்பீடுதானே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். அதை ‘ஆய்வகங்களிடை ஒப்பீடு’ என்று விரித்தே எழுதிவருகிறோம். ‘அளவு’ என்ற முன்னொட்டு இரண்டையும் பிரித்துக் காட்டப் போதும். நிச்சயமின்மை இச்சொல்லில் தொனிக்கவில்லை என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரையறை முழுவதையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்ற இயலாது.

அதே பட்டியலில் அக்ரெடிட்டேஷனுக்குச் ‘சான்றளிப்பு’ என்றிருப்பதையும் மாற்ற வேண்டும். ஒரு நிறுவனத்தின் மேலாண்மை முறை ஐ.எஸ்.ஓ. 9001 தரநெறிக்கு இணங்குகிறது என்று எழுதித் தருவது சான்றளிப்பு. ஆய்வகங்களின் திறனை மதிப்பிடும் இந்திய வாரியமான என்.ஏ.பி.எல். போன்ற அமைப்பு ஓர் ஆய்வகத்துக்குத் தருவதோ, இன்னின்ன சோதனையை இன்னின்ன வரம்புக்குள் செய்யும் திறன் இவர்களுக்கு உண்டு என்ற ஏற்பு. அங்கீகாரம் என்ற சொல் ஏற்கெனவே நாலாவிதப் பொருளில் வழங்குவதால், இங்கு ‘திறன் அங்கீகாரம்’ என்று சேர்த்தே எழுதலாம் என்பது என் கருத்து.

பட்டறைகளில் இன்றும் ‘காலிபரேஷனுக்கு அனுப்பியாச்சா’ என்றுதான் கேட்கிறார்கள். அங்கு வேலை செய்யும் அன்பர்கள் ‘அளவொப்பீட்டுக்கு அனுப்பியாச்சா’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாவில் தங்குகிறதா என்று எழுத வேண்டுகிறேன்.