சுடோகுவில் குத்துமதிப்பாக ஓட்டிய ஆறு மாதம்

என் ஆரம்பம் கொஞ்சம் கேவலமானது. காலைப் பேப்பரில் வரும் சுடோகுவை ஆறு மாதம் குத்துமதிப்பாகவே போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் பேனாவில். 81 கட்டத்தில் 1 முதல் 9 வரை எண்களை நிரப்ப வேண்டும்; எந்த வரிசையிலும், நெடுவரிசையிலும், ஒன்பது கட்டம் கொண்ட பெட்டியிலும் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. 70 கட்டம் நிரம்பிய பிறகு ஒரே வரிசையில் இரண்டு 8 பல்லிளிக்கும். எங்கே சறுக்கினேன் என்று பின்னால் போய்த் தேடவும் வழியிருக்காது.

ஒரு நாள் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஏன்டா, இங்க 4 போட்டியே, 9 ஏன் வரக்கூடாது?"

முழித்தேன்.

"காரணம் சொல்லத் தெரியலைன்னா எழுதாத." பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சிலைக் கொடுத்தார்.

கட்டத்தைப் பார்த்து 'இதில் என்ன வரும்' என்றுதான் அதுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணைப் பிடித்துக்கொண்டு 'இது எங்கே உட்காரும்' என்று கேட்கச் சொன்னார். மேலே மூன்று பெட்டி. இடப்பக்கப் பெட்டியில் 5 முதல் வரிசையில் இருக்கிறது, நடுப்பெட்டியில் இரண்டாவது வரிசையில். அப்படியென்றால் வலப்பக்கப் பெட்டியில் அது மூன்றாவது வரிசைக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே இருக்கும் மூன்று கட்டத்தில் இரண்டு ஏற்கெனவே நிரம்பிவிட்டன. மிச்சமிருப்பதில் கண்ணை மூடிக்கொண்டு 5 எழுதலாம்! இதை வைத்தே சுலபமான புதிர்களில் பெரும்பாலும் கரையேறிவிட்டேன்.

ஜோடி விஷயம் பிடிபடத்தான் நாளானது. ஒரு வரிசையில் மூன்று காலி. இரண்டில் 3, 7 தவிர எதுவும் வராது. மூன்றாவதில் 3, 5, 7 எதுவும் வரலாம் போலத் தெரியும். 3-ம் 7-ம் எது எங்கே என்று தெரியாவிட்டாலும் அந்த இரண்டு இடமும் அவற்றுக்குத்தான். ஆக மூன்றாவது 5. இதற்குத்தான் கட்டத்தின் மூலையில் பொடிப்பொடியாகப் பென்சிலில் குறிப்பது.

சுடோகு ஜப்பான் சரக்கு என்றே நினைத்திருந்தேன். 1979-ல் அமெரிக்காவில் 'நம்பர் பிளேஸ்' என்று டெல் என்ற புதிர் இதழில் வந்ததாம். 1984-ல் நிகோலி என்ற புதிர் நிறுவனம் ஜப்பானுக்குக் கொண்டுபோய், எண்கள் ஒண்டிக்கட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று பொருள்படப் பெயர் வைத்தது. பெரியப்பாவிடம் சொன்னேன், "அதான் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல" என்றார்.

இன்னொன்று, கொடுத்த எண் குறைவாக இருந்தால் புதிர் கஷ்டம் என்று பயப்படாதீர்கள். 17 எண்ணோடு வந்த ஒன்று எனக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது. அதற்குக் கீழே போனால் ஒரே விடை கிடைக்காது என்று 2012-ல் கணினியில் அலசி நிறுவிவிட்டார்கள்.

எக்ஸ்-விங் என்ற கஷ்டமான உத்தி மட்டும் இன்னும் என் கண்ணில் சிக்கவில்லை. பெரியப்பாவுக்கும்தான், ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.