கார்டைக் காட்டாத லீகில் ஆளை எப்படி எடை போடுவது?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
நண்பர்கள் சேர்ந்து ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் (ஆட்டக்காரருக்கு ஒரு கார்டு வைத்து, பகடை உருட்டி ஆடும் பேஸ்பால் விளையாட்டு) லீக் நடத்துகிறோம். கார்டுகள் எல்லாம் கிருஷ்ணகிரி அண்ணன் ஒருவரிடம் இருக்கின்றன. அவரே பகடை உருட்டி, ராத்திரி ஸ்கோரை மட்டும் வாட்ஸ்அப்பில் போடுவார். ஆட்டக்காரர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். என் 14-ஆம் எண் மூன்றாம் பேஸில் ஆடுகிறார், 100 முறை பேட் பிடித்து .310, அதாவது 31 ஹிட் (அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்தது). ஓசூர் நண்பர் அவரைக் கேட்கிறார், பதிலுக்கு .240 அடிக்கும் 22-ஆம் எண்ணைத் தருகிறாராம். இந்த சீசன் கோப்பை எனக்கு ரொம்ப முக்கியம். மாற்றலாமா?

பதில் (பாலக்கோடு):
.310 அடிக்கிறவரை யாராவது விடுவார்களா? வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பதில் (தர்மபுரி):
அவசரப்படாதீர்கள் தம்பி. உருட்டும் மூன்று பகடைகளில் முதலாவதில் 1, 2, 3 விழுந்தால்தான் பேட்டரின் கார்டு. 4, 5, 6 விழுந்தால் எதிரணி பிட்சரின் (பந்து வீசுகிறவரின்) கார்டைப் பார்ப்பார்கள். ஆக, அந்த .310-இல் பாதி உங்கள் ஆளுடையதே இல்லை.

100 முறை என்பதும் ரொம்பக் குறைவு. உண்மையில் .260 தரமுள்ள கார்டுகூட 100 முறையில் .310-ஐத் தொடும், ஆறேழு பேரில் ஒருவருக்கு அப்படி அமையும். உங்கள் ஊரில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுகிறவர் பூவை மட்டும் பார்த்தா விலை சொல்கிறார்? மரத்தைப் பார்ப்பார். இங்கே மரம் என்பது வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ், பேட் பிடித்த கணக்கில் சேராது), ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) மூன்றும்தான். ஹிட்டை விட இவற்றில் கார்டின் குணம் சீக்கிரம் தெரியும். இரண்டு பேருக்கும் அந்தக் கணக்கைப் போடுங்கள், சொல்கிறேன்.

கேட்டவர்:
14: வாக் 3, ஸ்ட்ரைக்அவுட் 27, ஹோம் ரன் 1.
22: அவரும் 100 முறைதான். வாக் 15, ஸ்ட்ரைக்அவுட் 12, ஹோம் ரன் 5.

பதில் (தர்மபுரி):
கொடுத்துவிடுங்கள்! ஹோம் ரன்னையும் ஸ்ட்ரைக்அவுட்டையும் கழித்துவிட்டு, களத்துக்குள் அடித்த பந்துகளை மட்டும் எடுங்கள். 14-க்கு 72 பந்தில் 30 ஹிட், .417 வருகிறது. 22-க்கு 83-இல் 19, வெறும் .229. நிஜ மேஜர் லீகில் இது மொத்தமாக .300-ஐ ஒட்டியே இருக்கும். உங்கள் ஆளுக்குப் பகடை வாரிக் கொடுத்திருக்கிறது, 22-க்குக் கொடுக்கவில்லை.

ஹோம் ரன்னிலும் ஒரு விஷயம் உண்டு. கார்டின் ஒரு பத்தியில், மற்ற இரண்டு பகடையின் கூட்டு 7-க்கு நேரே அது இருந்தால், மூன்று பகடையும் விழக்கூடிய 216 விதத்தில் 6 தடவை விழும், அதாவது 600 முறைக்குப் பதினேழு. 12-க்கு நேரே இருந்தால் 600-க்கு மூன்றுதான். 5 வந்ததை வைத்து எந்தக் கட்டம் என்று இப்போதே சொல்ல முடியாது. வாக் 15 வந்ததைத்தான் நான் நம்புகிறேன்.

பதில் (ராயக்கோட்டை):
மூன்றாம் பேஸ் என்றால் ஃபீல்டிங்கையும் (பந்தைத் தடுத்துப் பிடிக்கும் திறமையையும்) கேளுங்கள். 1 முதல் 5 வரை தரம், 1தான் உசத்தி. பிட்சர் கார்டில் எக்ஸ் (முடிவை ஃபீல்டரிடம் விடும் குறி) விழும்போது அந்தத் தரம்தான் பேசும். 22-ஆம் எண்ணின் தரம் 5 ஆக இருந்தால் நான் யோசிப்பேன்.

கேட்டவர்:
22-இடம் இதுவரை பிழை அதிகம் இல்லை. சரி, இன்று ராத்திரியே பேசுகிறேன். கூட ஒரு ரிலீவரும் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசும் பிட்சர்) கேட்கட்டுமா அண்ணா?

பதில் (தர்மபுரி):
தாராளமாகக் கேளுங்கள். ஈஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் விட்ட ரன் சராசரியை) பார்த்து எடுக்காதீர்கள். களத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆவதில் பிட்சரின் கை ரொம்பக் குறைவு என்று பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001-லேயே எழுதிவிட்டார். வாக் குறைவாகக் கொடுத்து ஸ்ட்ரைக்அவுட் நிறைய எடுக்கிறவர், ஈஆர்ஏ ஐந்தைத் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, அவரையே கேளுங்கள். மலிவாகவும் கிடைப்பார்.